கொங்கு நாட்டுச் சாலைகளில் சைக்கிள் பயணம்: பாதை வகுப்பது முதல் வீடு திரும்புவது வரை

ரோடு சைக்கிள் வாங்கி, ஊரைச் சுற்றி இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டிப் பழகி, இனி வெளியே நீளமாகப் போகலாம் என்று இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்களுக்குக் கால் வலு பெரும்பாலும் போதுமானதாகவே இருக்கிறது. அவர்களைத் திணற வைப்பது வேலைகளின் வரிசை. பார்க்க அழகான இடத்தை முதலில் முடிவு செய்துவிடுகிறார்கள், அப்புறம் பாதை, அப்புறம் நேரம்; காற்று கடைசியாகத்தான் நினைவுக்கு வருகிறது, அதுவும் பாதி வழியில். கொங்கில் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்.

1. முதலில் திசை

கொங்கு மேற்கே உயர்ந்து கிழக்கே சரியும் நிலம். கோவை கடல்மட்டத்துக்கு மேல் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஈரோடு 200 மீட்டருக்கும் கீழே. பவானியும் நொய்யலும் கிழக்கே ஓடிக் காவிரியில் சேர்வது இந்தச் சரிவால்தான். கண்ணுக்குச் சமதரையாகத் தெரியும் சாலையில் மேற்கே போகும்போது மிதிப்பது கனத்தால், பிரேக் உரசுகிறதா என்று இறங்கிப் பார்க்க வேண்டாம். ஏறிக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அதோடு காற்று. வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வருகிறது. பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் காற்றாலைகள் அத்தனை நிற்பதற்குக் காரணமும் இதுவே. ஆடிக்காற்றை எதிர்த்துப் போகும்போது மணிக்கு 25 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் 15-ஐத் தொடவே திணறுவார்.

ஆகவே விதி இது: மேற்கே அல்லது தென்மேற்கே போக வேண்டிய பகுதியை விடியலில் முடித்துவிடுங்கள். அந்த நேரத்தில் காற்று சற்று அடங்கியிருக்கும். வெயில் ஏறி நிலம் சூடானதும் வலுக்கும். அப்போது நீங்கள் கிழக்கு நோக்கித் திரும்பியிருந்தால் காற்றும் சரிவும் சேர்ந்து வீட்டுக்குத் தள்ளிவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் காற்று வடகிழக்கிலிருந்து வரும், மழையும் சேர்ந்து வரும். மார்கழியிலிருந்து மாசி நடுவரை சைக்கிளுக்கு மிக நல்ல காலம். பங்குனி பிறந்துவிட்டால் ஒன்பதரை மணிக்குள் வீடு சேர்வது மாதிரி மட்டுமே திட்டமிடுங்கள்.

பரவலாக நடக்கும் பிழை: கோவையிலிருந்து ஆடி மாதம் கிழக்கே கிளம்புவது. பல்லடம் தாண்டியும் சைக்கிள் பறக்கும். ‘இன்னைக்கு நல்லா ஓட்டறேன்’ என்று காங்கேயம் வரை போய்விடுவார்கள். திரும்புவது மேற்கே, ஏற்றத்தில், எதிர்காற்றில், உச்சி வெயிலில். போகும் வழி சுகமாக இருந்தால் உடனே காற்றின் திசையைப் பாருங்கள்.

2. மூன்று பாதைகள், இந்த வரிசையில்

ஊர்கள், மேடு பள்ளம், காட்டோரம் என்று மூன்றையும் ஒரே நாளில் பார்க்க நினைக்காதீர்கள். ஒவ்வொன்றும் வேறு பழக்கம் கேட்கும். ஆற்றோரத்தில் தொடங்குங்கள், மேட்டு நிலத்துக்குப் போங்கள், காட்டோரம் கடைசி.

ஆற்றோரப் பாதை: ஈரோடு முதல் கொடுமுடி வரை. காலிங்கராயன் வாய்க்காலும் காவிரியும் ஏறக்குறைய இணையாக ஓடும் பகுதி இது. மஞ்சள், கரும்பு, வாழை என்று இரு பக்கமும் பச்சை. பெரிய ஏற்றமே இல்லை. அதனால்தான் முதலில் இதைச் சொல்கிறேன். ஒரே வேகத்தில் நீண்ட நேரம் உட்கார்ந்து ஓட்டவும், ஓட்டிக்கொண்டே தண்ணீர் குடிக்கவும் இங்கே பழகிக்கொள்ளலாம். போய்வர 80 கிலோமீட்டர் அளவில் வரும். முதல் தடவை பாசூரிலோ ஊஞ்சலூரிலோ திரும்பிவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. வாய்க்கால் கரையிலேயே ஓட்ட ஆசைப்படாதீர்கள்; பல இடங்களில் அது மண் தடம், ஈரமானால் வழுக்கும். பக்கத்து ஊர்ச்சாலையே சரி. ஆடியில் போவதானால் கொடுமுடியில் தொடங்கி ஈரோட்டில் திரும்புங்கள், காற்றுக் கணக்கு அப்போதுதான் சரியாக வரும். ஆடிப்பெருக்கு, ஆடி அமாவாசை நாட்களில் இந்தப் பக்கம் வேண்டாம்; ஆற்றுக்கு வரும் கூட்டத்தில் சைக்கிளுக்கு இடம் இருக்காது.

மேட்டு நிலப் பாதை: பெருந்துறை, சென்னிமலை, காங்கேயம், ஊத்துக்குளி, விஜயமங்கலம், மறுபடி பெருந்துறை. ஏறக்குறைய 75 கிலோமீட்டர். கொங்கின் முகம் எது என்று கேட்டால் நான் இந்தப் பாதையைத்தான் காட்டுவேன். கிளுவை முள்வேலி போட்ட கொறங்காடுகள் என்னும் மேய்ச்சல் நிலங்கள், நடுவில் வெள்வேல மரங்கள், மேயும் காங்கேயம் மாடுகள், இரண்டு இடத்தில் நொய்யல். இதே வரிசையில் சுற்றுவதற்குக் காரணம் உண்டு. சென்னிமலையிலிருந்து காங்கேயம் தென்மேற்கே இருக்கிறது. கடினமான அந்தப் பகுதி காலையிலேயே முடிந்துவிடும். ஊத்துக்குளியிலிருந்து பெருந்துறை வரை கிழக்கு நோக்கி வருகிறீர்கள். வெயில் ஏறிய நேரத்தில் காற்று முதுகில் இருக்கும். எதிர்த் திசையில் சுற்றினால் இதெல்லாம் மாறிப்போகும்.

ஈரோட்டிலிருந்து வருகிறவர்கள் வெள்ளோடு வழியாகச் சென்னிமலைக்கு வந்து சேரலாம். கார்த்திகைக்கு மேல் வெள்ளோடு ஏரியில் பறவைகள் நிறைய இருக்கும். சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது; பழங்காலத்தில் மணிகள் செய்த ஊர் என்று அகழாய்வில் தெரியவந்த இடம். ஆனால் போய்ப் பார்க்கக் கட்டடம் எதுவும் கிடையாது, திறந்த நிலம்தான். அதை அறிந்து போகிறவர்களுக்கு மட்டும் அந்தச் சுற்று. விஜயமங்கலத்துச் சமணக் கோயில் மட்டும் நின்று பார்க்க வேண்டிய ஒன்று, விட்டுவிடாதீர்கள்.

காட்டோரப் பாதை: பொள்ளாச்சி, அம்பராம்பாளையம், ஆனைமலை, கோட்டூர், ஆழியாறு, மறுபடி பொள்ளாச்சி. 50 முதல் 60 கிலோமீட்டருக்குள் முடியும். தென்னந்தோப்புகளுக்கு நடுவே மலையைப் பார்த்தபடி போகும் சாலை. தென்மேற்கே போய் வடகிழக்கே திரும்புவதால் காற்று விதியும் பொருந்துகிறது. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். ஆழியாறு அணைக்கும் குரங்கு அருவிக்கும் வரும் கார்கள் ஒன்பது மணிக்கு மேல் சாலையை நிறைத்துவிடும்.

ஆழியாற்றுக்கு மேல் வால்பாறை போக 40 கொண்டை ஊசி வளைவுகள். பண்ணாரியிலிருந்து திம்பம் ஏற 27. கொல்லிமலைக்கு 70. இந்த எண்களே பலரை இழுக்கின்றன. மேற்சொன்ன மூன்று பாதைகளையும் அலுங்காமல் முடித்தபின் மலையேற்றத்தைத் தனியாக யோசிக்கலாம். திம்பத்தை மட்டும் யாருக்கும் முதல் மலையாகச் சொல்ல மாட்டேன்: குறுகிய வளைவுகளில் கனரக லாரிகள், சுற்றிலும் யானை நடமாடும் புலிகள் காப்பகம்.

3. வரைபடத்தில் பாதையை ஊர்ஜிதம் செய்யுங்கள்

செயலி தரும் பாதையை அப்படியே நம்பக் கூடாது. குறுக்கு வழி என்று அது காட்டும் கோடு பல நேரம் ஒரு இட்டேரியாக இருக்கும். இரு பக்கமும் முள்வேலி, நடுவே மண்ணும் கல்லும். மாட்டுவண்டிக்கும் டிராக்டருக்கும் அது நல்ல வழி, 28 மில்லிமீட்டர் டயருக்கு அங்கே வேலை இல்லை. இட்டேரியில் நுழைந்த சைக்கிள் பஞ்சர் இல்லாமல் வெளியே வருவது அபூர்வம்.

முந்தின நாள் இரவே பாதையைச் செயற்கைக்கோள் படத்தில் வைத்து முழுக்க நகர்த்திப் பாருங்கள். தார்ச்சாலை கறுப்பாக, ஓரம் தெளிவாகத் தெரியும். இட்டேரி செம்மண் நிறத்தில் வளைந்து வளைந்து போகும். சந்தேகமான இடத்தில் மினி பஸ் ஓடும் சாலைக்கு மாற்றிவிடுங்கள்; பஸ் போனால் தார் இருக்கும், கடை இருக்கும், உதவிக்கு ஆளும் இருப்பார்கள்.

சேலம்–கொச்சி தேசிய நெடுஞ்சாலையை ஓட்டும் சாலையாகக் கொள்ளாதீர்கள். குறுக்கே கடக்க மட்டும் பயன்படுத்துங்கள், அதுவும் சுரங்கப்பாலம் இருக்கும் இடத்தில். மேட்டு நிலப் பாதையின் கடைசியில் விஜயமங்கலத்தில் இந்தச் சாலை வரும். களைத்த நேரத்தில் ‘பத்து கிலோமீட்டர்தானே’ என்று அதிலேயே ஏறிவிடத் தோன்றும். ஓரச் சாலையும் ஊர்ச்சாலையும் சுற்று அதிகம்தான், பரவாயில்லை. கோவை–கரூர் சாலையிலும் காங்கேயத்தைத் தொடும் அளவுக்கு மேல் இருக்க வேண்டாம்.

மொத்த ஏற்றத்தையும் பாருங்கள். 100 கிலோமீட்டருக்கு 500 மீட்டர் என்றால் இலகு. 1000 மீட்டர் என்றால் புதியவருக்கு நன்றாகவே உறைக்கும்.

கடைசியாக நாள்காட்டி. தைப்பூசத்தை ஒட்டிக் காங்கேயம், தாராபுரம், உடுமலை வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் விடியற்காலை இருட்டிலேயே நடந்துகொண்டிருப்பார்கள். சத்தமில்லாமல் பின்னால் வரும் சைக்கிள் அவர்களுக்கு ஆபத்து, உங்களுக்கும்தான். அந்த வாரங்களில் வேறு பாதை எடுங்கள், இல்லையென்றால் வெளிச்சம் வந்தபின் மணியடித்துக்கொண்டே மெதுவாகப் போங்கள்.

4. சைக்கிளும் பையும்

இந்த நிலத்தில் உங்கள் முதல் எதிரி முள். கிளுவை, வெள்வேலம், சீமைக்கருவேலம், நெருஞ்சி என்று எல்லாம் சாலையோரத்தில் கிடக்கும். வேலி கழிக்கும் நாட்களில் தாருக்கு மேலேயே சிதறியிருக்கும். ஆகவே 25-க்குப் பதில் 28 மில்லிமீட்டர் டயர், சைக்கிள் ஃபிரேமில் இடமிருந்தால் 32. 70 கிலோ எடையுள்ளவருக்கு 28-இல் காற்றழுத்தம் முன்னே 70, பின்னே 75 பிஎஸ்ஐ போதும். நூறுக்கு மேல் ஏற்றினால் வேகம் கூடும் என்பது தவறான நம்பிக்கை. நம் தார்ச்சாலையின் ஒட்டுகளில் டயர் குதித்துக் குதித்து வேகம் குறையும், கையும் மரத்துப்போகும்.

பையில் இருக்க வேண்டியவை: இரண்டு ட்யூப், டயர் கழற்றும் நெம்பி, கைப்பம்பு, அறுகோணச் சாவிகள், ஒட்டுப் பசையுடன் ரப்பர் துண்டுகள். இன்னொன்றும் வேண்டும், பெரும்பாலும் மறந்துபோவது. ரோடு சைக்கிளில் இருப்பது மெல்லிய பிரெஸ்டா வால்வு. கிராமத்துப் பஞ்சர் கடைப் பம்பு அதில் பொருந்தாது. மோட்டார் சைக்கிள் வால்வாக மாற்றும் சிறிய பித்தளை மூடி ஒன்றை வாங்கி வால்விலேயே திருகி வைத்துவிடுங்கள். கைப்பம்பு பழுதானாலும் எந்தக் கடையிலும் காற்றடிக்கலாம்.

பஞ்சரானதும் அவசரமாகப் புது ட்யூபைத் திணிப்பது அடுத்த பஞ்சருக்கு வழி. முள் டயருக்குள்ளேயே குத்தி நிற்கும். டயரின் உள்பக்கம் முழுவதும் விரலால் மெதுவாகத் தடவி, முள்ளை வெளியே எடுத்துவிட்டு, அப்புறம் ட்யூப் போடுங்கள். ஐந்து நிமிடம் கூடுதலாகும், ஆனால் இரண்டாவது ட்யூப் பிழைக்கும்.

பல்சக்கரம்: பற்களின் எண்ணிக்கை முன்னே 50/34, பின்னே 11-32 என்று இருந்தால் இந்தப் பாதைகளில் இறங்கித் தள்ள வேண்டியிராது. பின்னே பெரிய பல்சக்கரம் 25 மட்டும் என்றால் மாற்றிக்கொள்ளுங்கள்.

5. நேரம், தண்ணீர், சாப்பாடு

சூரியன் உதிப்பது தை மாதத்தில் ஆறே முக்காலை ஒட்டி, ஆனியில் ஆறை ஒட்டி. மற்ற பாதைகளுக்கு உதயத்துக்கு அரை மணி முன்பே விளக்கோடு கிளம்பலாம். காட்டோரத்துக்கு மட்டும் நன்றாக விடிந்தபின்.

மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை தண்ணீர். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் பத்து நிமிடத்துக்கு ஒரு மிடறு. வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் உப்பு இறங்கி, மூன்றாவது மணியில் தொடை பிடித்துக்கொள்ளும். மருந்துக்கடை ஓஆர்எஸ் பொட்டலம் ஒரு லிட்டருக்கு ஒன்று.  வழியில் மோரும் இளநீரும் கிடைக்கும்.

சாப்பாட்டுக்குக் கொங்கில் கவலையே இல்லை. பேக்கரி இல்லாத சந்திப்பு குறைவு. காலையில் கிளம்பும் முன் இரண்டு வாழைப்பழம், அப்புறம் மணிக்கு ஒரு தடவை கடலை மிட்டாயோ எள்ளுருண்டையோ பன்னோ. நடுவழியில் மெஸ்ஸில் உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு ஏறுகிறவர்களைப் பார்க்கிறேன். அடுத்த பத்து கிலோமீட்டர் அவர்களுக்கு நரகம், இரத்தம் முழுக்க வயிற்றில் வேலை செய்துகொண்டிருக்கும். இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள், விருந்து வீட்டில்.

6. பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறுவது

மேட்டு நிலத்தில் சாலை ஓடைகளைக் குறுக்கே கடந்துகொண்டே போகும். ஒவ்வொரு பள்ளத்திலும் இறக்கம், அடியில் தரைப்பாலம், உடனே ஏற்றம். இதில் ஒரு முறை இருக்கிறது.

இறக்கத்தின் வேகத்தை அப்படியே மேட்டுக்கு எடுத்துப்போக எல்லோரும் விரும்புவார்கள். ஆனால் தரைப்பாலத்தில் மழைநீர் கொண்டுவந்த மணல் படிந்திருக்கும். அடிவரை பார்வைக்குத் தெரிந்தால் மட்டும் சைக்கிளை விடுங்கள். தெரியாவிட்டால் இறக்கத்திலேயே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்து, மணலுக்கு மேல் பிரேக் பிடிக்காமல், ஹாண்டில்பாரைத் திருப்பாமல் நேராகக் கடந்துவிடுங்கள். மணலில் பிரேக் பிடித்தால் முன்சக்கரம் நழுவும்.

கியரை மேடு தொடங்கும் முன்பே இலகுவாக்குங்கள். ஏற்றத்தில் முழு எடையையும் மிதியில் போட்டபடி மாற்றினால் செயின் கழன்று விழும், சில நேரம் அறுந்தும் போகும். ஏறும்போது பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் இன்னும் ஒரு பல் இலகுவாக்குங்கள். முதல் ஐந்து மேட்டில் வீரம் காட்டினால், பதினைந்தாவது மேட்டில் சைக்கிளைத் தள்ள வேண்டியிருக்கும். இந்தப் பாதையில் மேடுகள் முடிவதே இல்லை.

7. ஊர்களுக்குள்

அறுவடைக் காலத்தில் சாலையே களம். கொள்ளு, கம்பு, ராகிக் கதிர்களை வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று தாரில் பரப்பியிருப்பார்கள். காய்ந்த தாள் மேல் சைக்கிள் சறுக்கும், பல்சக்கரத்திலும் சுற்றிக்கொள்ளும். இறங்கித் தள்ளுங்கள்.

தோட்டத்துச் சாளைகளில், அதாவது தோட்டத்து வீடுகளில், நாய் இருக்கும். வேகமாக மிதித்துத் தப்ப நினைப்பது பெரும்பாலும் பலிக்காது. ஓடுவதைத்தான் அது துரத்தும். வேகத்தைக் குறைத்து, இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் அதன் ஆர்வம் போய்விடும். சாளையிலிருந்து யாராவது குரல் கொடுத்தும் அடக்குவார்கள். கடித்துவிட்டால், சிறு கீறலாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போடுங்கள். பயணம் அத்தோடு முடிந்தது.

கோயில் பார்ப்பதானால் நண்பகலுக்குள் பாருங்கள். பெரும்பாலான கோயில்கள் மதியம் நடைசாத்தி மாலை நான்கு மணிவாக்கில்தான் திறக்கும். இறுக்கமான சைக்கிள் அரைக்கால் சட்டையோடு உள்ளே போவது ஊராருக்குச் சங்கடம். மெல்லிய வேட்டி ஒன்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், இடம் அடைக்காது. பெண்கள் முழுநீளக் கால்சட்டையும் துப்பட்டாவும் எடுத்துக்கொள்ளலாம். வாசலில் பூ, தேங்காய் விற்கிற அக்காவிடம் சொல்லிவிட்டுப் பூட்டினால் சைக்கிள் பத்திரமாக இருக்கும்.

8. காட்டோரத்தில்

சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது. மோட்டார் சைக்கிள் வருவது யானைக்குத் தூரத்திலேயே தெரியும்; நீங்கள் வருவது தெரியாது. திடுக்கிட்ட யானைதான் துரத்தும். ஆகவே காட்டோரச் சாலையில் வளைவுக்கு முன் வேகத்தைக் குறைத்து, வளைவு திறந்து தெரிந்தபின் போங்கள். காதில் பாட்டு வேண்டாம். இரண்டு மூன்று பேராகப் பேசிக்கொண்டே போவது நல்லது.

சாலையில் புது சாணமோ, ஒடித்துப் போட்ட கிளைகளோ கிடந்தால் நின்று கவனியுங்கள். யானை தெரிந்தால் நூறு மீட்டருக்குக் குறையாமல் நின்று, மெதுவாகத் திரும்பி வந்த வழியே போய்விடுங்கள். அது சாலையை விட்டு இறங்கிவிட்டது என்று பக்கவாட்டில் கடந்துபோக முயலாதீர்கள். குட்டியோ மற்ற யானைகளோ பின்னால் இருக்கும். ஊர்க்காரர் ‘இப்பப் போக வேண்டாம்’ என்றால் போகாதீர்கள். அவருக்குத் தெரிந்து சொல்கிறார்.

ஆனைமலை, சேத்துமடைப் பக்கத்துத் தோப்புகளில் அந்தி மங்கியதும் யானை இறங்க வாய்ப்புண்டு. எனவே இந்தப் பாதையை மாலையில் தொடங்கவே கூடாது. சேத்துமடை போகிறவர்கள் சோதனைச் சாவடியோடு திரும்பிவிடுங்கள். வால்பாறைச் சாலையிலும் சாவடியில் கேட்டு, அனுமதி என்றால் மட்டும் மேலே போங்கள். அன்றைய நிலவரம் வனத்துறையினருக்குத்தான் தெரியும்.

வீட்டில் ஒருவருக்குப் பாதையையும் திரும்பும் நேரத்தையும் அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். மலையடிவாரத்தில் சில இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது. செயலியில் நேரடி இருப்பிடம் பகிர்வது அங்கே உதவாது. அவசரத்துக்கு 108.

9. வீடு வந்தபின்

குளிக்கும் முன் இரண்டு டயரையும் சுற்றி ஒருமுறை பார்த்துவிடுங்கள். மேலோட்டமாகக் குத்தியிருக்கும் முள் இன்னும் ட்யூபைத் தொட்டிருக்காது. அடுத்த பயணத்தின் முதல் பத்து கிலோமீட்டரில்தான் உள்ளே இறங்கும். ஊசியால் நெம்பி எடுத்துவிட்டால் அந்தப் பஞ்சர் இல்லை. செயினைத் துணியால் துடைத்து எண்ணெய் போடுங்கள். செம்மண் தூசி எண்ணெயோடு சேர்ந்தால் செயினை அரைத்துவிடும்.

அப்புறம் ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதி வையுங்கள்: காற்று எந்தப் பக்கம் அடித்தது, எத்தனை மணிக்கு வலுத்தது, எந்தக் கடை எத்தனை மணிக்குத் திறந்திருந்தது, எந்த இடத்தில் தார் பெயர்ந்திருந்தது. அடுத்த தடவை அதே பாதையை வகுக்கும்போது செயலிக்கு முன்னால் இந்தத் தாளை எடுங்கள்.